வறட்சி மேல் பழி போடாதீர்கள்!

2023-ஆம் வருடத்தின் முதல் மூன்று மாதங்கள் கலிஃபோர்னியாவில் மழை கொட்டித் தீர்த்தது. சியரா நெவாடா மலையில் ஆள் உயரத்துக்குமேல் பனி குவிந்தது. கோடையில் அது உருகி இறங்க, அணைகள் தளும்பின. சுமார் நூறு வருடங்களுக்கு முன்பே வடித்து வயலாக்கப்பட்டுவிட்ட துலேரி ஏரி, அந்த வயல்களையெல்லாம் விழுங்கிக்கொண்டு மறுபடியும் தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'வறட்சி முடிந்தது' என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

மேலே நிரம்பியது சரி. கீழே?

கலிஃபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. மழை பொய்த்தால் 'வறட்சி, என்ன செய்ய' என்பார்கள். மழை பெய்தால் 'நிலத்தடி நீர் தானாக ஊறிவிடும்' என்பார்கள். இரண்டுமே தப்பு. இரண்டாவது வெறும் தப்பு மட்டுமல்ல, மண்ணியல் தெரிந்தவர்கள் அறுபது எழுபது வருடங்களாகத் தப்பு என்று சொல்லிவருகிற விஷயம். இருந்தும் அதை நம்பித்தான் ஒரு மாநிலமே கிணறு தோண்டியது.

முதலில் அந்தப் பள்ளத்தாக்கு எப்படி உண்டானது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் மற்றது புரியாது.

சுமார் 640 கிலோமீட்டர் நீளம், சராசரியாக 80 கிலோமீட்டர் அகலம். கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைத்தொடர். நடுவில் ஒரு பெரிய தொட்டி மாதிரிப் பள்ளம். வடக்கு மூன்றில் ஒரு பங்கு சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு, தெற்கு மூன்றில் இரண்டு பங்கு சான் வாக்கீன் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் இது கடலின் ஒரு கை. கடல் பின்வாங்கிய பிறகு இரண்டு பக்க மலைகளும் கோடிக்கணக்கான வருடங்களாகத் தேய்ந்து தேய்ந்து இந்தத் தொட்டியை நிரப்பியிருக்கின்றன. வண்டலின் கனம் பல கிலோமீட்டர்! ஆனால் அத்தனை ஆழத்துக்கும் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மேலே உள்ள ஒரு பகுதியில்தான் குடிக்கவும் பாய்ச்சவும் ஆகிற தண்ணீர். அதற்குக் கீழே இருப்பது பழைய கடலின் உப்பு.

வண்டலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சியரா நெவாடா கருங்கல் மலை. அது உடைந்தால் பருமணல் வரும், தண்ணீர் சுலபமாகப் புகுந்து ஓடும். கடலோர மலைகளோ கடலடியில் படிந்த சேற்றுப்பாறை. அது உடைந்தால் நைஸான களி, கூடவே உப்பு, செலினியம். (மேற்குப் பக்க வயல்களின் கழிவுநீரைக் கொண்டுபோய்க் கெஸ்டர்சன் என்ற நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். 1983-இல் அங்கே பறவைக் குஞ்சுகள் கண்ணும் அலகும் இல்லாமல் பிறந்ததைக் கண்டுபிடித்தார்கள். செலினியத்தின் வேலை. அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.)

இந்த மணலுக்கும் களிக்கும் நடுவில் ஒரு முக்கியமான விருந்தாளி உண்டு. சுமார் 7 லட்சம் வருடங்களுக்கு முன் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை ஒரு மாபெரும் ஏரி மூடியிருந்தது. அதன் அடியில் படிந்த நீலச்சாம்பல் களிமண்ணுக்கு இன்று கார்க்கரன் களிமண் என்று பெயர். ஓரங்களில் மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும். பழைய துலேரி ஏரிக்கு அடியில் சுமார் 50 மீட்டர் கனம். பானைக்கு மூடி போட்ட மாதிரி இது கீழே இருக்கிற தண்ணீரை அழுத்தி வைத்திருந்தது. அந்த அழுத்தம் எவ்வளவு என்றால், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கிணறு தோண்டியவர்களுக்குப் பம்பே தேவைப்படவில்லை. துளை போட்டால் தண்ணீர் தானாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது.

அதைப் பார்த்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. பிறகு ஆழத்திலிருந்து இறைக்கிற டர்பைன் பம்புகள் வந்தன, மின்சாரம் வந்தது. 1920-களிலிருந்து இறைப்பு கணக்கில்லாமல் போனது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. நிலத்தடி நீரை எல்லோரும் 'வங்கிக் கணக்கு' என்கிறார்கள். நல்ல வருடத்தில் போடலாம், கெட்ட வருடத்தில் எடுக்கலாம். கேட்க அழகான உவமை. மணலுக்கு அது பொருந்தும். களிமண்ணுக்குப் பொருந்தாது. மணல் உருண்டை உருண்டையான துகள். தண்ணீரை எடுத்தாலும் ஒன்றன்மேல் ஒன்று தாங்கி நிற்கும், இடைவெளி அப்படியே இருக்கும், மறுபடி ஊற்றினால் நிரம்பும். களிமண் துகள்களோ தட்டையானவை. பொரித்த அப்பளங்களை ஒரு பாத்திரத்தில் கன்னாபின்னாவென்று போட்டு வைத்தால் எப்படி இருக்கும்? பாதி இடம் காற்றுதான். களிமண்ணில் அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீரும் மேலே இருக்கிற மண்ணின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை உருவினால் முழுப் பாரமும் துகள்கள் மேல் இறங்கும். அப்பளம் நொறுங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். அதன்மேல் எவ்வளவு தண்ணீரை ஊற்றினாலும் பழையபடி உப்பிக்கொண்டு எழுந்திருக்குமா?

எழுந்திருக்காது. கொஞ்சம் அமுங்கினால் கொஞ்சம் திரும்ப வரும், உண்மைதான். ஆனால் தன் வரலாற்றில் அதுவரை தாங்கியிராத பாரம் ஒருமுறை களிமண்மேல் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு நடக்கிற அமுக்கத்தில் பெரும்பகுதி நிரந்தரம். இது ஏதோ ஒரு பக்கத்தாரின் கட்சி அல்ல. கட்டட அடித்தளம் போடுகிற சிவில் எஞ்சினியருக்கு இரண்டாம் வருடப் பாடம். கார்ல் டெர்சாகி 1925-லேயே எழுதி வைத்த விஷயம்.

இதில் இன்னொரு சூட்சுமம். பலர் கார்க்கரன் களிமண்தான் அமுங்குகிறது என்று எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியல்ல. அந்தக் கனமான அடுக்கு தண்ணீரை மிக மெதுவாகத்தான் விடும். முக்கியமாக அமுங்குவது மணலுக்கு நடுநடுவே இருக்கிற எண்ணற்ற மெல்லிய களிப்படலங்கள். பள்ளத்தாக்கின் வண்டலில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட நைஸான மண்தான். மணலில் நீர்மட்டம் இறங்கினால் இந்தப் படலங்கள் தங்கள் தண்ணீரை மெல்ல மெல்ல மணலுக்குக் கசிய விடுகின்றன. விவசாயி பம்பைப் போடுகிறார், தண்ணீர் வருகிறது, சந்தோஷப்படுகிறார். அதில் ஒரு பங்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும் தண்ணீர். வங்கியில் எடுத்த பணம் அல்ல, வங்கிக் கட்டடத்தின் செங்கலைப் பெயர்த்து விற்ற பணம்.

யாருக்கும் தெரியாமல் நடந்ததா? அதுதான் இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஜோசப் போலண்ட் என்ற அறிஞர் இந்தப் பள்ளத்தாக்கு இறங்குவதைப் பல வருடங்கள் அளந்தவர். மெண்டோட்டா ஊருக்குத் தென்மேற்கே ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில் அவர் நிற்கிற படம் உலகப் பிரசித்தம். கம்பத்தின் உச்சியில் 1925 என்று ஒரு பலகை, நடுவில் 1955, காலடியில் 1977. அந்தந்த வருடம் தரை இருந்த உயரம் அது. 52 வருடத்தில் சுமார் 9 மீட்டர், மூன்று மாடி உயரம்! 1970-க்குள் பள்ளத்தாக்கில் சுமார் 13,500 சதுர கிலோமீட்டர் நிலம் ஒரு அடிக்கு மேல் இறங்கிவிட்டது.

அப்புறம் என்ன ஆயிற்று? கால்வாய் வந்தது. 1950-களில் ஒன்று, 1960-களின் கடைசியில் இன்னொன்று என்று வடக்கிலிருந்து ஆற்றுநீரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இறைப்பு குறைந்தது, நீர்மட்டம் ஏறியது, நிலம் இறங்குவது ஏறக்குறைய நின்றது. பிரச்சினை தீர்ந்தது என்று அளவெடுக்கும் கருவிகளில் பலவற்றைக் கவனிப்பதையே விட்டுவிட்டார்கள். நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கியதும் தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்த கதை.

கால்வாய்த் தண்ணீர் வந்ததால் இறைப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வந்த தண்ணீரை நம்பி இன்னும் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவந்தார்கள். 1976-77-இல் மழை தவறியது, பம்பு ஓடியது. 1987-92, மறுபடி. 2007-09, மறுபடி. 2012-16, 2020-22... ஒவ்வொரு தடவையும் நீர்மட்டம் பழைய பள்ளத்தையும் தாண்டிக் கீழே போக, களிமண்மேல் புதிய பாரம் ஏறியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 2006 முதல் 2022 வரையிலான 16 வருடங்களில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு இழந்த கன அளவு சுமார் 14 கன கிலோமீட்டர். 1925 முதல் 1970 வரை 45 வருடங்களில் இழந்ததும் ஏறக்குறைய அதே அளவுதான். போலண்ட் படம் எடுத்து, பாடப்புத்தகத்தில் போட்டு, உலகமே பார்த்த பிறகு நடந்தது இது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விவசாயிகள் தரப்பில் சொல்வது: "2014, 2015 இரண்டு வருடமும் ஃபிரையன்ட் அணையிலிருந்து எங்களுக்கு ஒதுக்கிய தண்ணீர் பூஜ்யம். நாங்கள் இறைக்காமல் என்ன செய்வோம்? அமெரிக்கா சாப்பிடும் உணவில் கால்வாசி இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் போகிறது." பூஜ்யம் என்பது உண்மை. கால்வாசி என்பதும் புவியியல் ஆய்வகமே தருகிற கணக்குதான். ஆனால் அந்த வறட்சி வருடங்களில் என்ன பயிர் வைத்தார்கள் என்று பாருங்கள். பாதாம்! உலகத்தின் பாதாமில் சுமார் 80 சதவீதம் கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறது. 2012-16 வறட்சியின்போது பாதாம் தோப்புகளின் பரப்பு குறையவில்லை, கூடியது. தக்காளியோ பருத்தியோ என்றால் தண்ணீர் இல்லாத வருடம் நிலத்தைத் தரிசாகப் போடலாம். மரத்தைப் போட முடியுமா? இருபத்தைந்து வருடம் வாழ்கிற மரத்தை நட்டவர், இருபத்தைந்து வருடமும் தண்ணீர் கொடுத்தே ஆகவேண்டும். மழை வந்தாலும் வராவிட்டாலும். ஆக, நட்ட அன்றே அடுத்த வறட்சிக்கான இறைப்பை முன்பதிவு செய்தாகிவிட்டது. இதை வானத்தின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

வறட்சி எல்லோருக்கும் பொது. கிணற்றின் ஆழம் பொது அல்ல. துலேரி மாவட்டத்தில் கிழக்கு போர்ட்டர்வில் என்று ஒரு ஊர், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள். துலே ஆற்றுப் பக்கம் வீட்டுக்கு வீடு ஆழமில்லாத கிணறு. 2014-இல் ஆறும் வறண்டது, கிணறுகளும் வறண்டன. நூற்றுக்கணக்கான வீடுகளில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வாசலில் தொட்டி வைத்து லாரித் தண்ணீர், குடிக்க பாட்டில் தண்ணீர். பக்கத்து நகரத்தின் குழாயோடு எல்லோரையும் இணைத்து முடிக்க 2018 ஆகிவிட்டது. அதே வருடம், அதே வறட்சியில், பணமுள்ள தோப்புக்காரர்கள் 300 மீட்டருக்கும் ஆழமாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். துளை போடும் கம்பெனிகளிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கூட்டம். ஒரு கிணற்றுக்கு லட்சக்கணக்கில் டாலர். தோட்டத்தில் பாதாம் பொறுக்குகிறவர் வீட்டுக் கிணறு காய்ந்தது, பாதாம் மரம் காயவில்லை.

அமுங்குகிற களிமண் இன்னொன்றையும் செய்கிறது. களிமண்ணின் துளைகளுக்குள் காலகாலமாக அடைந்து கிடந்த ஆர்செனிக், பிழியும்போது தண்ணீரோடு சேர்ந்து மணலுக்கு வந்துவிடுகிறது. அதிகமாக இறைத்து நிலம் வேகமாக இறங்கிய இடங்களில் கிணற்று நீரில் ஆர்செனிக் கூடுதலாக இருக்கிறது என்று 2018-இல் ஆய்வு வந்தது. வற்றாத கிணறு வைத்திருப்பவரும் நிம்மதியாகக் குடிக்க முடியாது.

சரி, அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1903-லேயே கலிஃபோர்னிய உச்சநீதிமன்றம், நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் நிலத்துக்காரரின் தனிச்சொத்து அல்ல, அக்கம்பக்கத்தாரோடு நியாயமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டியது என்று தீர்ப்பு சொல்லியிருந்தது. அருமையான தீர்ப்பு. ஆனால் யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்று அளக்க மீட்டர் இல்லாமல் எதைப் பகிர்வது? பக்கத்து மாநிலமான அரிசோனா 1980-இல் நிலத்தடி நீருக்குச் சட்டம் போட்டது. கலிஃபோர்னியா போட்டது 2014-இல். கம்ப்யூட்டர் சில்லுக்கும் சினிமாவுக்கும் உலகத்துக்கே தலைநகராக இருக்கிற மாநிலம், தன் காலுக்கடியில் இருக்கும் தண்ணீரைக் கணக்கெடுக்க 2014 வரை காத்திருந்தது! இன்னும் ஒரு வேடிக்கை. ஒரு கிணறு தோண்டினால் எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி என்று தோண்டியவர் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகள் 2015 வரை ரகசியம். மண்ணியல் படிக்கிற ஒரு மாணவர் போய்க் கேட்டால்கூடக் கிடைக்காது. நிலத்தடியைப் பற்றி மக்களுக்குத் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டவர்களே அதைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

2014 சட்டமும் உடனே ஒன்றையும் நிறுத்தவில்லை. மிக மோசமாக இறைக்கப்பட்ட பகுதிகள் 2040-க்குள் சமநிலைக்கு வந்தால் போதும். இருபத்தாறு வருட அவகாசம். திட்டத்தை அவரவர் பகுதியில் அவரவரே எழுதிக்கொள்ளலாம். எழுதினார்கள். 'இன்னும் இத்தனை அடி நிலம் இறங்கினாலும் பரவாயில்லை' என்ற அளவிலும் சில திட்டங்கள் வந்தன. 2024 ஏப்ரலில் மாநில நீர்வாரியம் துலேரி ஏரிப் பகுதியின் திட்டம் போதாது என்று அதைக் கண்காணிப்பில் வைத்தது. மாநிலத்தில் அப்படி வைக்கப்பட்ட முதல் பகுதி அது. உடனே விவசாயிகள் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது.

கணக்கு என்னவோ கடினமானது அல்ல. சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஊறுவதைவிட இறைப்பது வருடத்துக்கு இரண்டு கன கிலோமீட்டருக்கு மேல் அதிகம். கலிஃபோர்னியா பொதுக்கொள்கை நிறுவனம் 2019-இல் சொன்னது: குறைந்தது 5 லட்சம் ஏக்கரைச் சாகுபடியிலிருந்து எடுக்க வேண்டிவரும். பாசன நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எந்த நிலம், யாருடையது, அதில் வேலை பார்க்கிறவர் எங்கே போவார் என்பதுதான் பேச வேண்டிய பேச்சு. அதைப் பேசினால் ஓட்டுப் போகும், நன்கொடை போகும். மழையைப் பேசினால் யாருக்கும் கோபம் வராது, பாவம் மழைக்கு வக்கீல் இல்லை :-)

2023 வெள்ளத்தில் தண்ணீரை வயல்களில் தேக்கி நிலத்துக்குள் இறக்கினார்கள். மாநிலம் முழுக்க சுமார் 5 கன கிலோமீட்டர் உள்ளே போனது என்று நீர்வளத்துறை கணக்குக் காட்டியது. நல்ல வேலை, இன்னும் செய்யட்டும். ஆனால் அந்தத் தண்ணீர் போய் உட்கார்ந்தது மணலில். நொறுங்கிய களிமண்ணில் இனி இடம் இல்லை. அதைவிட மோசம், களிமண் மெதுவாகத்தான் வடியும் என்பதால், இன்றைக்கே நீர்மட்டம் இறங்குவது நின்றாலும் ஏற்கெனவே ஏற்றிய பாரத்துக்கு நிலம் இன்னும் பல வருடம் அமுங்கிக்கொண்டேதான் இருக்கும். பாரம் குறைய வேண்டுமானால் நீர்மட்டம் ஏறவேண்டும். ஏற வேண்டுமானால் பம்பு ஓய வேண்டும்.

நிலம் இறங்கியதில் கால்வாயும் தப்பவில்லை. ஃபிரையன்ட்-கெர்ன் கால்வாய் 245 கிலோமீட்டர், பம்பே இல்லாமல் சரிவை மட்டும் நம்பி ஓடுவது. நடுவில் தரை தொய்ந்துபோனதால் அந்த இடத்தில் கால்வாய் கொண்டுபோகும் அளவில் 60 சதவீதம் போய்விட்டது. நிலத்தடி நீரை இறைக்காமல் இருக்கத்தான் கால்வாய் வெட்டினார்கள். இறைத்த இறைப்பில் அந்தக் கால்வாயே படுத்துவிட்டது. பக்கத்திலேயே 16 கிலோமீட்டருக்குப் புதுக் கால்வாய் வெட்ட வேண்டியதாயிற்று.

அந்தக் களிமண்ணுக்குப் பெயர் கொடுத்த ஊர் கார்க்கரன், துலேரி ஏரியின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பெரிய சிறைச்சாலைகள், சுற்றிலும் பெரும் பண்ணைகள். 2021-க்கு முந்தைய 14 வருடங்களில் அந்த ஊரின் சில இடங்கள் 3 மீட்டருக்கு மேல் இறங்கின. ஊரை வெள்ளத்திலிருந்து காக்கிற மண்கரையும் சேர்ந்து இறங்கியது. 2017-இல் கரையை உயர்த்தினார்கள். 2023-இல் ஏரி திரும்பி வந்தபோது பார்த்தால் உயரம் போதவில்லை. மாநில அரசின் பணத்தில் இரவும் பகலுமாக மறுபடியும் மண் கொட்டினார்கள். சுற்றிலும் பம்புகள் இருக்கின்றன, கரைக்கு அடியில் களிமண் இருக்கிறது. அடுத்து எந்த வருடம் உயர்த்துவது என்பதை மழையைக் கேட்டுப் பயனில்லை, கரண்ட் பில்லைத்தான் பார்க்க வேண்டும்.